பாப்பாவின் பட்டியலில் முதல் வரி

சாமி, வருகிற ஆவணியில் உனக்குக் கல்யாணம். ஆத்தூரிலிருந்து பெண் வீட்டார் வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போனார்கள். நீ கொண்டுவந்து கொடுக்கவில்லை. அதற்காக வருத்தப்பட எனக்கு வாய் இல்லை. ஆனால் நீ மணவறையில் உட்காருவதற்கு முன்னால் ஒரு சங்கதியை நான் சொல்லி முடிக்க வேண்டும். உன்னிடம் தனியாகச் சொன்னால் போதாது. உன்னைப் பேசியவர்கள் தனியாகவா பேசினார்கள்? ஊரில், உறவில், எழவு வீட்டு வாசலில், அத்தனை பேர் முன்னாலும் பேசினார்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நான் ஏழாவதோடு நின்றவள். எழுத்துத் தப்புகளை உன் தங்கச்சி பாப்பாவின் கணக்கு டீச்சர் திருத்திக் கொடுத்தார். சங்கதியில் கை வைக்க அவரை நான் விடவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருக்கிற அந்தப் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் பாப்பாவுக்கு இடம் கிடைக்காது என்று நீ ஒருநாளும் சொல்லவில்லை. கிடைக்கும் என்றுதான் சொன்னாய். கிடைக்காது என்று நீ சொன்னதாக அவளிடம் சொன்னவள் நான். அவள் நம்பினாள். உங்கப்பா நம்பினார். உங்கத்தை நம்பி ஓமலூர் வரைக்கும் போய்ச் சொன்னாள். பாப்பா செத்த பிறகும் நான் அதை மாற்றிச் சொல்லவில்லை. கூடப் பிறந்தவளுக்கே தப்பாக வழி சொன்னவன் என்ற பேர் உன்மேல் நின்றதற்கு நானே காரணம்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ என்னைக் கேட்டதேயில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். என் வேலை உனக்குத் தெரியும். முட்டைப் பண்ணையில் கழிவுக்கோழி பிரிக்கிற வேலை. கூண்டிலிருந்து கோழியை இழுத்து, தலைகீழாகப் பிடித்து, பின்பக்கம் இரண்டு எலும்புக்கு நடுவில் விரலை வைத்துப் பார்ப்பேன். மூன்று விரல் இடம் இருந்தால் முட்டை இடுகிற கோழி, திரும்பக் கூண்டுக்குப் போகும். ஒரு விரலுக்கு மேல் இடம் இல்லை என்றால் கழிவு, கறிக்கடை வண்டிக்குப் போகும். ஒரு கோழிக்கு நான் எடுத்துக்கொள்கிற நேரம் ஒரு மூச்சு. பண்ணைக்காரர் வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து என்னைக் காட்டுவார். “இந்த அம்மிணி கை வெச்சா தப்பாதுங்க. டாக்டரு வந்து பார்த்தாலும் இதேதான் சொல்லுவாரு” என்பார். இருபது வருஷம் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை கனத்துப்போயிற்று. எந்த உயிரைப் பார்த்தாலும் இது தேறும், இது தேறாது என்று மனசுக்குள் பிரித்துப் போடுகிற புத்தி வந்துவிட்டது. உங்கள் இரண்டு பேரையும் அப்படித்தான் பிரித்தேன். உனக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு ஆறு வயது. நீ தேறுவாய், அவள் தேறமாட்டாள் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அவள் கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பாள், நீ பட்டென்று பதில் சொல்வாய். அவ்வளவுதான் நான் பார்த்தது.

அதனால் உன்னை நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் போட்டேன். அவளை நம் ஊர் அரசுப் பள்ளியில் விட்டேன். மூன்று வருஷம் உன்னை அடைத்துவைத்தேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நூறு தாய்தகப்பன்களோடு நானும் தூக்குப்போசியில் கறிக்குழம்போடு நிற்பேன். நீ சாப்பிடுகிற வரைக்கும் மார்க்குத்தான் கேட்பேன். ஒருநாள் நீ, “அம்மா, எனக்கு ராவுல தூக்கம் வர்றதில்லைங். இங்க இருந்து கூட்டிட்டுப் போயிருங்” என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கூண்டுல இருக்கறது கத்தத்தான் செய்யும். முட்டை இடறதை மட்டும் பாரு” என்றேன். பக்கத்தில் நின்ற தாய்மார்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ பாதிச் சோற்றில் கையைக் கழுவினாய்.

உன் மார்க் வந்தது. கட்ஆஃப் பார்த்தார்கள். சென்னை இல்லை என்று ஆயிற்று. அடுத்த வருஷமும் எழுத வைத்தேன், அப்போதும் இல்லை. ஈரோட்டுப் பக்கம் ஒரு காலேஜில் சேர்ந்தாய். சேர்ந்த அன்றைக்கு உங்கத்தை வீட்டுக்கு வந்திருந்தாள். “என்ன அம்மிணி, உன்ற பையன் சென்னைக்குப் போவான்னியே, ஈரோட்டோட நின்னுட்டானா?” என்று கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதில் உனக்கு மறந்திருக்காது. நீ கதவோரம் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாய். “கழிவுன்னு தெரியாம நாலு வருசம் தீனி போட்டுட்டேன்” என்றேன். பெற்ற பிள்ளையைப் பார்த்துச் சொன்னேன். உங்கத்தையே வாயைப் பொத்திக்கொண்டாள். நீ பெட்டியை எடுத்துக்கொண்டு, “வாரேனுங்” என்று சொல்லிவிட்டுப் போனாய். அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காதோ என்று இப்போது நினைக்கிறேன். அம்மா பேசினால் பிள்ளை வாங்கிக்கொள்வான் என்று எனக்குப் பழக்கிக் கொடுத்தது நீதான்.

பாப்பாவை யாரும் பார்க்கவில்லை. சைக்கிளில் போனாள், வந்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், மோட்டார் ரூமில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். பத்தாவதில் முதல் மார்க் என்று டீச்சர் வீட்டுக்கே வந்து சொன்னார். “கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துல முதல் மார்க்குதானுங்களே” என்று நான் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். பன்னிரண்டாவது மார்க் வந்த அன்றைக்கும் அவள் என்னிடம் சொல்லவில்லை. உங்கப்பாவிடம் சொன்னாள், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன்னைவிட அவள் நிறைய வாங்கியிருந்தாள். உனக்காக நான் பட்ட பாட்டில் ஒரு துளிகூட அவளுக்காகப் படவில்லை. ஆனாலும் வாங்கியிருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு வயிறு எரிந்தது, சாமி. இதை எழுதக் கை கூசுகிறது, எழுதுகிறேன்.

இன்ஜினியரிங் கவுன்சலிங் வந்தது. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். காலேஜ்களின் பேரைப் பிள்ளைகள் தங்கள் ஆசைப்படி வரிசையாகப் பட்டியல் போட வேண்டும். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, அந்த மார்க்குக்கு எந்தப் பேர் முதலில் கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். மேலே எழுதியது கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகும், ஒன்றும் நட்டம் கிடையாது. ஆனால் எழுதாத பேர் ஒருநாளும் கிடைக்காது. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இதுதான் விளங்குவதில்லை. பெரிய இடத்தை மேலே எழுதினால் கீழே இருப்பதும் போய்விடும், பேராசைப்பட்டவன் என்று கழித்துக்கட்டிவிடுவார்கள் என்று பயப்படுவார்கள். அந்தப் பயம் எல்லா வீட்டிலும் இருந்தது. அதனால்தான் என் பொய்யை நம்ப வைக்க எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

பட்டியல் ஏற்றுவதற்கு முந்தின நாள் காலை, பதினொரு மணி இருக்கும், நீ வேலைக்குச் சேர்ந்திருந்த ஓசூர் கம்பெனியிலிருந்து போன் செய்தாய். வீட்டில் ஒரே போன், அது என்னிடம் இருக்கும். நான் ஷெட்டுக்குள் கையில் கோழியோடு நின்றேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

“அம்மா, டீ டைமுல கூப்பிடறேன். நல்லாக் கேட்டுக்குங்” என்றாய். “பாப்பா மார்க்கை வெச்சு ரெண்டு நாளாப் பார்த்தேன். போன வருசம் எது வரைக்கும் எடம் குடுத்தாங்க, அதுக்கு முந்தின வருசம் எது வரைக்கும் குடுத்தாங்க, எல்லாம் பார்த்துட்டேன். அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்குன்னு தனியா எடம் இருக்குது. அதுல அவளுக்குச் சென்னை கெடைக்கும். மொத வரியில அதைப் போடச் சொல்லுங்.”

“கெடைக்கலைன்னா?”

“ரெண்டாவதுக்குப் போயிருமுங். எதுவும் கெட்டுப் போகாது.”

“நாலு வருசம் தீனி தின்னு உனக்கே கெடைக்கல. தரையைப் பார்த்துட்டு நிக்கறவளுக்குக் கெடைக்குமா?”

 மிஷின் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாய்: “என்னை விட அவ நல்லாப் படிப்பாம்மா. எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது.”

உங்களுக்குத்தான் தெரியாது. அந்தச் சொல் என்னைச் சுட்டது. இருபது வருஷம் கை வைத்துத் தப்பாதவளிடம், உனக்குத் தெரியாது என்கிறான், நான் கழித்துப் போட்ட பிள்ளை. பிடித்திருந்த கோழியைப் பார்க்காமலேயே கழிவுப் பெட்டியில் போட்டேன். அவள் சென்னைக்குப் போனால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று யோசித்தேன். கையில் இருந்த நல்லதைச் சந்தில் விட்டுவிட்டு ஆகாததைக் கூண்டில் வைத்து வளர்த்தவள் என்று பேசுவார்கள். உங்கத்தை பேசுவாள். பல நாள் நான் எனக்கே வேறு காரணம் சொல்லிக்கொண்டேன். உன் முகம் வாடக் கூடாது என்றுதான் செய்தேன், பெண்பிள்ளை அவ்வளவு தூரம் போகக் கூடாது என்றுதான் செய்தேன் என்றெல்லாம். இரண்டும் பொய். என் கை தப்பியது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்காகச் செய்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பாப்பா ஓடி வந்தாள். “அண்ணன் கூப்பிடுச்சுங்களா? என்ன சொல்லுச்சு?” என்றாள். நோட்டில் பட்டியல் எழுதி வைத்திருந்தாள். முதல் வரியில் சென்னைதான் இருந்தது. அவளும் கணக்குப் போட்டுத்தான் இருக்கிறாள்.

“அதை எடுத்துரச் சொன்னான். உனக்குக் கெடைக்காதாம்” என்றேன்.

“கெடைக்காதுன்னா சொல்லுச்சு?”

“ஆமா. மேல போட்டா கீழ இருக்கறதும் போயிரும்னான். அவன் பட்டவன், அவனுக்குத் தெரியாதா?”

“போனைக் குடுங்கம்மா, நானே ஒருக்காக் கேட்டுக்கறேன்.”

“கம்பெனிக்குள்ள போனைக் கேட்டுலயே வாங்கி வெச்சுக்குவாங்க. அவனைப் போட்டுத் தொந்தரவு பண்ணாத.”

காலையில் மிஷின் சத்தத்துக்கு நடுவிலிருந்தே நீ பேசியது அவளுக்குத் தெரியாது. அவள் ஸ்கேலை வைத்து அந்த வரியின்மேல் நேராக ஒரு கோடு போட்டாள். கோணலாகக்கூடப் போடவில்லை. உன் பேச்சு அவளுக்கு அவ்வளவு பெரிசு. நான் சொன்னதாகச் சொல்லியிருந்தால் கேட்டிருக்கமாட்டாள், டீச்சரிடம் போயிருப்பாள். அது தெரிந்துதான் உன் பேரைச் சொன்னேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் ரூமில் டீச்சரே உட்கார்ந்து பட்டியலை ஏற்றினார். “ஏம் பாப்பா, மேல சென்னையைப் போடல? போட்டு வெச்சா என்ன போகுது?” என்றார். பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஊட்ல எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோமுங்க” என்றேன். டீச்சர் இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தார். “என்ற பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியுமுங்க” என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பட்டியலைப் பூட்ட என் போனுக்கு ஆறு எண் வந்தது. ஒவ்வொரு எண்ணாக நானே படித்துச் சொன்னேன். தப்பில்லாமல் படித்தேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவளுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு காலேஜ் கிடைத்தது. அவள் அழவில்லை, கிடைத்ததற்குச் சந்தோஷப்பட்டாள். பத்து நாள் கழித்து அவள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மிட்டாய் கொண்டுவந்தாள். பாப்பாவைவிட மார்க் குறைவு. சென்னையில் கிடைத்திருந்தது. “நெசமா எனக்கே தெரியல புள்ள. எங்கப்பா சும்மா மேல போட்டு வைன்னாரு, கெடைச்சிருச்சு” என்றாள். பாப்பா மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, “நல்லாப் படி” என்றாள். அந்தப் பிள்ளை போன பிறகு என் பக்கம் வந்தாள். “அண்ணன் என்னைய இவ்வளவுதான்னு நெனைச்சிருக்குதா?” என்று கேட்டாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, “அவனுக்குக் கெடைக்கல, உனக்கும் கெடைக்காதுன்னு நெனைச்சிருப்பான்” என்றேன். அது முதல் பொய்யைவிடக் கெட்டது. முதல் பொய்யில் உன் கணக்கைத்தான் கெடுத்தேன். இதில் உன் மனசையும் கெட்டது ஆக்கினேன்.

அந்தத் தீபாவளிக்கு நீ வந்தாய். அவளுக்குப் பை ஒன்று வாங்கி வந்திருந்தாய். அவள் தொடவில்லை. “என்ன பாப்பா, பேசமாட்டீங்கற? நான்தான் மொத வரியில...” என்று நீ ஆரம்பித்தாய். அவள் வெட்டிப் பேசினாள்: “நீ சொன்னதைத்தான் கேட்டேன். கோடு போட்டு அடிச்சுட்டேன். போதுமா? உனக்குக் கெடைக்காதது எனக்குக் கெடைச்சிரக் கூடாது, அவ்வளவுதானே?” நீ வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாய். நான் தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. நீ பார்த்துக்கொண்டே இருந்தது எனக்குத் தெரியும். அந்த ஒரு பார்வையில் உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவாய் என்று பயந்து இன்னொரு முறுக்கை எடுத்து வைத்தேன். நீ வாயை மூடிக்கொண்டாய். பையை மேசைமேல் வைத்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினாய்.

இங்கேதான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு இது பிடிக்காது. எல்லாரும் உன்னை மெச்சுவார்கள், பெற்ற தாயைக் காட்டிக்கொடுக்காத பிள்ளை என்று. நான் மெச்சமாட்டேன். நீ அன்றைக்குப் பேசாமல் போனது பெரிய தப்பு. என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு அவளை ஏமாற்றத்தோடு விட்டுவிட்டுப் போனாய். அண்ணன் தன்னை மதிக்கவில்லை என்ற எண்ணத்தோடு அவள் காலேஜுக்குப் போய்வந்தாள். அதில் பாதி என் பாவம், பாதி உன் மௌனம். நாளைக்கு உன் வீட்டில், உன் பெண்டாட்டிக்கும் எனக்கும் நடுவிலோ, உன் பிள்ளைகளுக்கு நடுவிலோ இப்படி ஒன்று வந்தால், பேசாமல் பெட்டியை எடுக்காதே. யார் முகம் கெட்டாலும் கெடட்டும், பேசு. உன் பிள்ளை எதற்கு ஆசைப்பட்டாலும் முதல் வரியில் எழுதவிடு. கிடைக்காது என்று சொல்ல வெளியே ஆயிரம் பேர் இருக்கிறார்கள், வீட்டிலிருந்து ஒரு ஆள் வேண்டியதில்லை.

அவள் போன நாளைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. புரட்டாசி மாதம், அவளுக்கு இரண்டாவது வருஷம். காலேஜ் விட்டுத் தோழியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். பைபாஸைக் குறுக்கே கடக்கும்போது லாரி. தோழிக்குக் கை முறிந்தது. நம்முடையது அங்கேயே முடிந்தது. நீ வந்து சேர்ந்தபோது பாடை கட்டி முடித்திருந்தார்கள். உங்கத்தை மாரில் அடித்துக்கொண்டு, “மெட்ராசுக்குப் போயிருந்தா இந்த ரோட்டுக்கே வந்திருக்கமாட்டாளே! கெடைக்காது கெடைக்காதுன்னு சொல்லிக் கொன்னுட்டானே பாவி!” என்று கத்தினாள். கூட்டம் முழுக்க உன்னைத் திரும்பிப் பார்த்தது. நீ பாடையைத் தூக்கத் தோள் கொடுக்க வந்தாய். உங்கப்பா உன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். “நீ தொடாத. உன்ற வாய்தாண்டா அவளைக் கொண்டுபோச்சு” என்றார். நீ விழுந்தாய். எழுந்து சட்டையில் இருந்த மண்ணைக்கூடத் தட்டாமல் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றாய். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சொல் போதும். இவன் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். நாலு சொல். நான் சொல்லவில்லை. ஒப்பாரி வைத்தேன். அண்ணன் தோளில்லாமல் அவள் போனாள்.

போன வாரம் உன் மாமனார் பத்திரிகை வைத்தபோது உங்கப்பா அதை எடுக்கவில்லை. “கூடப் பொறந்தவளுக்கே வழி சொல்லத் தெரியாதவனுக்கு உங்க பொண்ணைக் குடுக்கறீங்க. யோசிச்சுக்குங்க” என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த மனுஷர் பத்திரிகையை நேராக நகர்த்தி வைத்துவிட்டு, “மாப்பிள்ள தங்கமான புள்ளைங்க” என்று மட்டும் சொன்னார். ஒரு வேற்று மனுஷர் உனக்காகப் பேசினார், நான் காப்பித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் வண்டி ரோட்டில் ஏறியதும் உங்கப்பாவிடம் போனேன். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அரிவாளை நிறுத்தவில்லை. இருந்த தட்டு முழுவதையும் வெட்டி முடித்தார். பிறகு கேட்டார்: “அவனுக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“எப்பிருந்து?”

“மொதத் தீபாவளியில இருந்து.”

“அப்ப நான் புடிச்சுத் தள்ளினனே, அன்னைக்கும் தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சும் உன்னையச் சொல்லல?”

நான் தலையை ஆட்டினேன். அவர் தட்டை அள்ளி மாட்டுக்குப் போட்டார். கையைக் கழுவினார். அன்றிலிருந்து நான் ஆக்குவதைத் தொடுவதில்லை, பஸ் ஸ்டாண்டு கடையில் சாப்பிட்டுவிட்டு வருகிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வருகிறார். நானும் வரட்டுமா என்று கேட்டேன். “நான் அவன் கால்ல விழுகப்போறேன். நீ வந்து பார்க்கோணுமா?” என்றார். வந்தால் அவரை விழவிடாதே. தாங்கிப் பிடி. அவர் செய்தது என் பேச்சைக் கேட்டுச் செய்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது உங்கப்பாவுக்கும் தெரியாது. டீச்சர் இந்த இடத்தைப் படித்துவிட்டு, இது வேண்டாமே அம்மா என்றார். வேண்டும் என்றேன்.

சாவதற்கு எட்டு நாள் முன்னால், காலையில் தலை சீவிக்கொண்டே பாப்பா கேட்டாள். “அம்மா, அன்னைக்கு அண்ணன் போன்ல சொன்னதை அப்படியே சொல்லுங். கெடைக்காதுன்னு சொல்லுச்சா, போடவேண்டாம்னு சொல்லுச்சா?”

“இப்ப எதுக்கு அது?”

“போன தீபாவளிக்கு நான் அத்தனை பேசினேன். அது ஒண்ணுமே சொல்லல. தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சுக்க பாப்பான்னு சொல்லியிருக்கும். அண்ணன் அப்படி. எனக்கு என்னமோ இடிக்குது.”

“ரெண்டுந்தான் சொன்னான்” என்றேன்.

அவள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். “செரி, இந்தத் தீபாவளிக்கு வரட்டும். நானே கேட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள். நீ வாங்கி வந்த பைதான். அவள் அதை எடுத்துப் பல மாதம் ஆகியிருந்தது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்தாள், நானும் சொல்லவில்லை. உன்மேல் அவளுக்கு இருந்த கோபம் போய்விட்டது சாமி. உன்னை அவள் நம்பத் தொடங்கிவிட்டாள். அவள் உன்மேல் கோபத்தோடே போனாள் என்று இத்தனை மாதமாக நீ நினைத்துச் சாகிறாயே, அது இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உன்னை அதிலேயே கிடக்கவிட்டேன்.

அந்த எட்டு நாளும் எனக்குத் தீபாவளியை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஒன்பதாவது நாள் போன் வந்தது. ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் விழுந்து கதறினேன், மண்ணை வாரி இறைத்தேன். அதெல்லாம் நிஜம். பெற்ற வயிறு பற்றி எரிந்தது நிஜம். அதற்கு நடுவில், அவள் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கிய அந்த நொடியில், எனக்குள் ஒன்று மெள்ள மூச்சு விட்டது. இனிமேல் இவள் கேட்கமாட்டாள் என்று. அந்த மூச்சு ஒரு நொடிதான். ஆனால் விட்டேன். நான் யார் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், உன்னைக் கட்டிக்கொண்டு வருகிறவளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்யாணத்துக்கு உங்கப்பா வருவார். நான் வரவா, வேண்டாமா என்று நீ சொல். வேண்டாம் என்றால் இங்கேயே இருந்துகொள்கிறேன், அழமாட்டேன், யாரிடமும் குறை சொல்லமாட்டேன். எதுவானாலும் நீயே உன் வாயால் என்னிடம் சொல். யாரிடமும் சொல்லி அனுப்பாதே.